மூன்றாம் தட்டு

முனி ஒருவன் தாடையை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனவன். பெங்களூர் மர்பி டவுன் லைன் வீடுகளுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு முதலில் சொல்லப்படும் செய்தி இதுதான். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர் சாக்கியமுனி. அப்பா தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி, பௌத்த சங்கத்து ஆள். இரண்டு பிள்ளைகளுக்கும் புத்தர் பெயரையே வைத்தார். மூத்தவன் கௌதமன், இளையவன் சாக்கியமுனி. வடாற்காட்டில் தன் முன்னோர் சாவு வீடுகளில் பறையடித்தார்கள் என்ற பேச்சை அவர் வீட்டுக்குள் விடமாட்டார். "தோலைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்பார். முனிக்குக் கை சும்மா இருக்காது. அண்ணனைப் போல அவனும் சுரங்கத்தில் துளை போடும் வேலைக்குப் போனான்; அங்கே முதலுதவிப் படையில் ஒரு பேண்ட் இருந்தது. அதில் சேர்ந்து சைடு டிரம் பழகிக்கொண்டான்.

"அதுவும் தோலுதானேடா?" என்றார் அப்பா.

"இது பறை இல்லப்பா. டிரம்மு."

"இன்னா வித்தியாசம்?"

"இதுக்கு பூட்ஸ் குடுக்கறாங்க."

அப்பா பூட்ஸைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

சுரங்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கீழே மண்ணுக்குள் மாட்டிக்கொண்டவன் காற்றுக் குழாயைத் தட்டுவான். மூன்று தட்டு. காதில் விழுந்தவன் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாமல் போகிறவன் கொலைகாரன். எப்படி வந்ததோ அப்படியே திருப்ப வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். பாறையும் தட்டும். பாரம் இறங்கும்போது டக் டக் என்று பேசும். ஆனால் நீ அனுப்பியது அதே தினுசில் மறுபடி வந்தால் அது பாறை இல்லை, ஆள்.

இந்தப் பழக்கம் சுரங்கத்தோடு நிற்காமல் வீடுகளுக்குள்ளும் ஏறி வந்துவிட்டது. வேலை முடிந்து வருகிறவன் தகரக் கதவில் மூன்று தட்டுவான். உள்ளே இருப்பவள் சட்டியோ குடமோ, கைக்கு அகப்பட்டதில் மூன்று தட்டிவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுப்பாள். ஒவ்வொரு ஆம்பிளைக்கும் ஒரு தினுசுத் தட்டு. கௌதமனுடைய மூன்றாவது தட்டு எப்போதும் பிந்தி வரும். இரண்டு தட்டிவிட்டு, எதையோ மறந்துவிட்டவன் போல நின்று, அப்புறம் ஒன்று. "உங்கண்ணன் தட்டு நொண்டுது" என்று அவன் மனைவி ரஞ்சிதம் முனியிடம் சிரிப்பாள். அந்த இடைவெளிக்குள்ளேயே தன் மூன்றையும் தட்டிக் கதவைத் திறந்துவிடுவது அவளுடைய விளையாட்டு. மூன்றாவது தட்டைப் பல நாள் கௌதமன் காற்றில்தான் தட்டினான்.

சுதந்திரம் வந்து இரண்டாம் வருஷம் பாறை வெடித்தது.

அவ்வளவு ஆழத்தில் பாறை தானாகவே வெடிக்கும். மருந்து வேண்டாம், திரி வேண்டாம். மேலே இருக்கிற நிலத்தின் பாரம் பிழிந்து பிழிந்து ஒரு கணத்தில் சுவரே சிதறி ஆட்கள் மேல் பாயும். அன்று சுரங்கத்து லைன் வீடுகளில் பாத்திரங்கள் பலகையிலிருந்து குதித்தன. கௌதமனும் இன்னும் சிலரும் ஒரு பாதையின் கோடியில் மாட்டிக்கொண்டார்கள். முனி மீட்புக் கூட்டத்தோடு இறங்கினான். முதல் நாள் ஒரு பிணத்தை வழித்துச் சாக்கில் போட வேண்டியிருந்தது. தோண்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடி வெடித்தது. பக்கத்தில் நின்றவனின் கை தோளோடு போயிற்று. அவன் அந்தக் கையைத் தேடிக் கொஞ்ச நேரம் குனிந்து நடந்தான். அப்புறம்தான் விழுந்தான்.

இரண்டாம் நாள் முனி காற்றுக் குழாயில் காதை வைத்துக் கிடந்தான். தட்டு வந்தது. இரண்டு. இடைவெளி. ஒன்று.

அதேபோல் திருப்பித் தட்டினான். மறுபடி வந்தது. இரண்டு. இடைவெளி. ஒன்று. அவன் கத்தினான். துளைக்கும் யந்திரமும் நொறுங்கும் பாறையும் சேர்ந்த இரைச்சலில் அவன் கத்தியது எவனுக்கும் விளங்கவில்லை. ஷிஃப்ட் பாஸ் அலெக்சாண்டர் மட்டும் ஓடி வந்து ஒரு கண்ணிமைப்பு நேரம் காதை வைத்துப் பார்த்தார்.

"பாறை பேசுது மேன். மேல பாரு, கூரை பிளந்துக்கிட்டு நிக்குது. எல்லாரும் கூண்டுல ஏறுங்க. ஏறு!"

எல்லாரும் மேலே இழுக்கும் கூண்டில் ஏறினார்கள். அன்று சாயங்காலம் அந்தப் பாதையை மூட உத்தரவு வந்தது. மூடினார்கள்.

முனி அலெக்சாண்டரை அடித்தது கீழே இல்லை, மேலே, வெயிலில். உத்தரவைப் படித்துக் காட்டிவிட்டு அவர் தொப்பியைக் கழற்றினார். முனி ஒரு துளைக்கம்பியை எடுத்து அவர் முகத்தில் வீசினான். எலும்பு முறிந்த சத்தம் கூட்டத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. கீழே விழுந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார். மறுபடி வீசினான். பற்கள் புழுதியில் கிடந்தன. மூன்றாவது வீச்சுக்குக் கம்பியை ஓங்கினபோது நாலு பேர் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள்.

கோர்ட்டில் ரஞ்சிதம் முன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். ஏன் அடித்தாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். காரணத்தைச் சொன்னால் தண்டனை குறையும் என்று வக்கீல் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். முனி பெஞ்சியைப் பார்த்தான்.

"கோவம் சாமி" என்றான்.

விலங்கோடு வெளியே கொண்டுவரும்போது அவள் போலீஸ்காரனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "முனி, நீ கீழ இருந்தியே. அவரு ஒடனே பூட்டாரா? கெடந்து கஷ்டப்பட்டாரா?"

"ஒடனே அண்ணி. இன்னா நடக்குதுன்னே தெரிஞ்சிருக்காது."

அவள் தலையாட்டினாள். அந்த ஒரு சொல்லின் மேல்தான் அவள் அதற்குப் பிறகு படுத்துத் தூங்கினாள்.

ஜெயிலிலிருந்து வந்தவனைச் சுரங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்குள் அப்பாவும் போய்விட்டார். ரஞ்சிதம் முன்பே பெங்களூருக்கு வந்து, மர்பி டவுனில் வள்ளியம்மா என்கிற கிழவி வீட்டில் ஒண்டிக்கொண்டு, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டுக்குச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முனி அடுத்த வரிசையில் ஓர் அறை பிடித்தான். வருஷத்துக்கு ஒருமுறை, கௌதமன் போன நாளில், அவனை உட்காரவைத்துச் சோறு போடுவாள். அவன் முதல் கவளத்தை எடுக்குமுன் கேட்பாள்.

"ஒடனேதானே முனி?"

"ஒடனே அண்ணி."

அப்புறம் அவளும் தனக்குச் சோறு போட்டுக்கொள்வாள். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதுதான் முனிக்கு வேலை. மற்றதெல்லாம் வயிற்றுக்கு.

வயிற்றுக்கு பேண்ட் செட் இருந்தது. சிவாஜி நகரைக் கன்டோன்மென்ட் ஜனங்கள் அப்போதும் பிளாக்பள்ளி என்றே சொன்னார்கள். அங்கே சந்துக்குள் ஒரு கடை. கல்யாணத்துக்குச் சிவப்புக் கோட்டு, சாவுக்குக் கறுப்புக் கோட்டு. கிளாரினெட் வாசிக்கிற கோவிந்தப்பாவுக்கு வாய் நிற்காது. ஒருநாள் ஒரு கிறிஸ்தவச் சாவு ஊர்வலத்தில், பெட்டிக்குப் பின்னால் நடக்கும்போதே ஆரம்பித்தான்.

"முனி, இன்னா அடிடா இது. பொணம் எழுந்து மார்ச் பண்ணிடும் போலக்கீது."

முனி நேராகப் பார்த்து நடந்தான்.

"ஜெயில்ல கத்துக்கினதா, இல்ல பாட்டன் சொத்தா? தோலு ரத்தத்துலயே ஊறினதுப்பா, எங்க போவும்!"

முனி தாளத்தை விடவில்லை. இடது கையால் அடித்துக்கொண்டே வலது குச்சியைக் கிளாரினெட்டின் மேல் இருந்த விரல்களில் இறக்கினான். கோவிந்தப்பா அலறினான். ஊர்வலத்தில் பாதிப் பேர் அதை அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த அடிக்கு வலது குச்சி சரியாக டிரம்முக்குத் திரும்பிவிட்டது.

இதை ஒருவர் பார்த்துக்கொண்டே நடந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் முனியைப் பிடித்தார்.

"அவன் விரல் ஒடிஞ்சிடுச்சா?"

"தெரியல சார்."

"ஒரு பீட் கூடத் தப்பல நீ. என் பேர் தியோடர். ரிச்சர்ட்ஸ் டவுன். உங்க அண்ணி ரஞ்சிதம் எங்க வீட்லதான் சமைக்கிறா. உன்னைப் பத்திச் சொல்லியிருக்கா."

"இன்னான்னு?"

"நல்லவன், கிட்டப் போகாதீங்கன்னு."

தியோடர் கிறிஸ்தவக் கோவில் பாடகர் குழுவை நடத்துகிறவர். கல்யாணம் செய்துகொள்ளாமல், பள்ளிக்கூட ஆசிரியையான தங்கை யூனிஸோடு இருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவ சப்ளை குமாஸ்தாவாகப் பாரசீகத்தில் இருந்தவர். ரஷ்யாவுக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாரிகளைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரஷ்ய டிரைவர்கள் முகாமில் ரேடியோவில் ஒரு சிம்பொனி கேட்டார். யுத்தத்தின் நடுவில் ஒரு ரஷ்யர் எழுதியது. டிரைவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று தியோடர் சொல்வார். ஒருத்தன் தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தானாம். அதன் இசைத்தாள்களை எப்படியோ எழுதிப்போட்டு வரவழைத்திருந்தார். கன்டோன்மென்ட் ஆட்களை வைத்து ஒரு வாத்தியக் கோஷ்டி சேர்த்தார்: ஓய்வுபெற்ற ராணுவ பேண்ட் ஆட்கள், இரண்டு பள்ளி ஆசிரியைகள், டிரம்பெட் ஊதும் பல் டாக்டர், ரயில்வே கார்டு ஒருவர். யூனிஸ் செல்லோ வாசித்தாள். சைடு டிரம்முக்குத்தான் ஆள் இல்லை.

சிம்பொனிக்கு ஐந்து பாகங்கள். முழுவதையும் வாசிக்க அவர்களால் ஆகாது. மூன்றாவதும் நாலாவதும் போதும் என்றார் தியோடர். மூன்றாவதில்தான் முனிக்கு வேலை. நாலாவது பெரும்பாலும் தந்தி வாத்தியக்காரர்கள் பாடு, கூடக் கொஞ்சம் கொம்பும் குழலும். அதற்கு அவர்கள் புதன்கிழமை தனியாகக் கூடினார்கள். முனி வருவது சனிக்கிழமை.

"இது ஜெயிச்சவன் பாட்டு இல்ல, முனி" என்றார் முதல் நாள். "ரஷ்யாவுலயே சில பேருக்கு இது ஆகல. நாம ஜெயிச்சிட்டு வர்ற நேரத்துல கொடி எங்க, ஊர்வலம் எங்கன்னு கேட்டாங்க. மனுஷன் கொடி வைக்கல."

"பின்ன இன்னா வச்சாரு?"

"கேளு."

வயலின்கள் ஆரம்பித்தன. ஒரே நீள அடிகள். ஏற்றம் இல்லை, நெளிவு இல்லை, மூச்சு வாங்க இடம் இல்லை. வெட்டு, வெட்டு, வெட்டு, வெட்டு. அதன் மேல் கிளாரினெட்டுகள் உச்சியில் நின்று ஓர் அலறல் போட்டன. அலறல் அப்படியே செங்குத்தாகக் கீழே விழுந்தது. வெட்டு நிற்கவில்லை. மறுபடி அலறல். வெட்டுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. கொஞ்ச நேரத்தில் வெட்டு தடித்த வாத்தியங்களுக்கு மாறியது. ஆள் மாறினானே தவிர வேலை மாறவில்லை.

துளைக்கும் யந்திரத்தைத் தோளில் முட்டுக்கொடுத்து நின்ற முனிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நடுவில் டிரம்பெட் ஒரு மெட்டை ஊதும். சர்க்கஸ் குதிரை ஓடுகிற மாதிரி இருக்கும். அங்கேதான் சைடு டிரம். குதிரையின் குளம்பு முனி.

"சோகமா அடிக்காதே மேன்!" தியோடர் கத்தினார். "தெருவுல ஆள் செத்துக் கிடக்கான், குதிரை மேல ஏறிப் போகுது. குதிரைக்கு என்ன சோகம்? குதிரைக்கு சந்தோஷம்!"

முனி சந்தோஷமாக அடித்தான். பல் டாக்டர் டிரம்பெட்டை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "மெதுவாப்பா. எனக்கே பல்லு ஆடுது."

கடைசியில் வெட்டும் அலறலும் ஒன்றாகக் கூடிக்கொண்டு வரும். அதன் அடியில் டிரம்மில் ஓர் உருட்டல். ஒன்றுமில்லாததிலிருந்து ஆரம்பித்து, கூடம் தாங்காத அளவுக்கு ஏற வேண்டும். முதல் ஒத்திகையில் முனி தோலைக் கிழித்துவிட்டான். கிழிந்தது தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தான். தியோடர் கைக்கோலால் ஸ்டாண்டை அடித்து அடித்துக் கோல் இரண்டாக முறிந்தது. "நிறுத்து! நிறுத்துடா!" நிறுத்தியபோது முனியின் உள்ளங்கையிலிருந்து குச்சி வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. யூனிஸ் தன் கைக்குட்டையை நீட்டினாள். அவன் அருகே வராமல், கையை மட்டும் நீட்டினாள்.

சனிக்கிழமைகளில் வீடு திரும்புகிறவன் யாரோடாவது மோதாமல் திரும்ப மாட்டான். ஒருநாள் தண்ணீர்க் குழாயில் வரிசை தப்பி வந்தவனின் குடத்தைத் தூக்கி அவன் மேலேயே எறிந்தான். இன்னொரு நாள் சுவரைக் குத்தினான்.

"அந்த ஐயா வூட்டு மேளம் உனக்கு ஆவல" என்றாள் ரஞ்சிதம், விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே. "கண்ணு செவந்துக்கினு வர்ற. உங்கப்பா சொன்னது சரிதான். தோலைத் தொட்டா வெறி வரும்."

"அடிச்சாத்தான் அண்ணி தூக்கம் வருது."

"யாரை அடிக்கிற நீ?"

அவன் பற்றுப் போட்ட விரலை மடக்கிப் பார்த்தான்.

"கச்சேரிக்கு நானும் வர்றேன். யூனிஸம்மா டீ போடச் சொல்லிக்கீறாங்க. நீ அங்க எவனையாவது அடிச்சே, நான் கொதிக்கிற டீயை ஊத்திடுவேன்."

"ஊத்து" என்று சிரித்தான்.

கச்சேரி கோவிலை ஒட்டிய தகரக் கூரைக் கூடத்தில், ஒரு ஞாயிறு சாயங்காலம். பெஞ்சிகளில் கன்டோன்மென்ட் குடும்பங்கள், ஜெபத்துக்கு வருகிற உடுப்பிலேயே வந்திருந்தார்கள். பின்பக்கக் கதவோரம் மேஜை போட்டு ரஞ்சிதம் டீ அண்டாவோடு நின்றாள். ஆரம்பிக்குமுன் தியோடர் முனியிடம் வந்தார்.

"மூணாவது முடிஞ்சதும் நீ இறங்கிப் போயிடாதே. நாலாவதுக்கு நடுவுல இடைவெளி கிடையாது. எழுதினவர் நிறுத்தல, நாமும் நிறுத்தக் கூடாது. குச்சியை மடியில வச்சிட்டு அப்படியே உக்காரு."

"எவ்ளோ நேரம்?"

"முடியற வரைக்கும்."

வெட்டு ஆரம்பித்தது. ஒத்திகையில் பிசிறிய வயலின்கள் அன்று பிசிறவில்லை. முன்வரிசைக் குழந்தை ஒன்று முதல் அலறலுக்கே அழ, அதன் தாய் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குதிரை வந்தது. முனி சந்தோஷமாக அடித்தான். பல் டாக்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. வெட்டு திரும்பி வந்தது. அலறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. முனி உருட்டலைத் தொடங்கினான். தகரக் கூரை அதிர்ந்தது. தியோடரின் வாய் திறந்திருந்தது. அவர் கத்துகிறாரா என்பது யாருக்கும் கேட்கவில்லை. முனி ஏற்றினான். இன்னும் ஏற்றினான். எல்லா வாத்தியங்களும் ஒரே இடத்தில் வந்து மோதின. கூடமே உடைந்து விழுந்தது போல இருந்தது.

தோலின் மேல் கையை வைத்து அதிர்வை அடக்கினான் முனி. குச்சியை மடியில் வைத்தான்.

இசை நிற்கவில்லை. இரைச்சல் இருந்த இடத்தில் புழுதி அடங்குவது போல ஒன்று அடங்கியது. அடியில் செல்லோவும் பெரிய பாஸும் ஒரு மெட்டை எடுத்தன. நிதானமான, தணிந்த மெட்டு. முடிந்தது. மறுபடி அதே மெட்டு. மேலே ஒரு கொம்பு வந்து போனது. மறுபடி அதே மெட்டு. ஒரு புல்லாங்குழல் நடுங்கிவிட்டுப் போனது. வருகிறவை எல்லாம் வந்து போக, கீழே இருந்தது மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. நகர அதற்கு முடியவில்லை.

முனி இதை இதற்கு முன் கேட்டதில்லை. புதன்கிழமைகளில் அவன் கல்யாணங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். இப்போது வெடிப்புக்குப் பின் வருகிற அமைதியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். காது மறுபடி அந்தக் காற்றுக் குழாயின் இரும்பின் மேல் இருந்தது. வாயில் கல்தூள் கரகரத்தது. கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தது. மறுபடி. மறுபடி.

கை எழுந்தது. குச்சியால் டிரம்மின் இரும்புக் காலில் தட்டினான். இரண்டு. இடைவெளி. ஒன்று.

காத்திருந்தான். கீழேயிருந்து அந்த மெட்டு மறுபடி வந்தது.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

ஜனங்கள் அதுவும் பாட்டில் உள்ளதுதான் என்று எண்ணிக்கொண்டார்கள். யூனிஸின் வில் ஒரு கணம் தடுமாறிச் சேர்ந்துகொண்டது. தியோடர் கையை நிறுத்தாமல் கண்ணால் முனியைக் கொன்றார். முனிக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறை தட்டினான். இரண்டு. இடைவெளி.

அந்த இடைவெளிக்குள் கூடத்தின் பின்னாலிருந்து மூன்று தட்டு வந்தது. அடுத்தடுத்து, அவசரமாக, பித்தளை அண்டாவில் கரண்டி.

முனி தலையைத் தூக்கினான். கதவோரம் ரஞ்சிதம் நின்றாள். கரண்டி கையில் இருந்தது. தன் கை செய்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். முகத்தில் இருந்தது கோபம் இல்லை. கதவைத் திறந்துவிட்டு, வெளியே யாரும் இல்லாததைக் கண்டவளின் முகம்.

பாட்டு முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. முனி நகரவில்லை. அவளும் நகரவில்லை. மெட்டு தன் பாட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்து, மேலும் மேலும் தணிந்து, எங்கே நின்றது என்று தெரியாமல் நின்றது. யாரும் கைதட்டவில்லை. பாதிரியார் ஆரம்பித்த பிறகு கொஞ்சம் பேர் தட்டினார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் காத்திருந்தாள். அவன் வந்து நின்றதும் கரண்டியால் முகத்தில் அடித்தாள். கன்னம் கிழிந்தது. அவன் கையைத் தூக்கவில்லை.

"யாரு தட்டு அது?"

"அண்ணன் தட்டு."

"கீழ எப்போ கேட்டே?"

"ரெண்டாம் நாளு."

மறுபடி அடித்தாள். "ஒடனேன்னியே! சோத்தைப் போட்டுட்டு எதிர்ல உக்காந்து கேட்டேனேடா, வருஷா வருஷம்! ஒடனே, ஒடனேன்னு சொல்லிச் சொல்லித் துன்னியே!"

தியோடர் படியில் தாவி இறங்கி வந்தார். "முனி! யார் உன்னைத் தட்டச் சொன்னது? எத்தனை மாச உழைப்பு! மனுஷனா நீ?" அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்தார். "ரஞ்சிதம், என்ன இது?"

"உள்ள போங்க ஐயா. இது எங்க வூட்டு விஷயம்." அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது உனக்கா வந்துச்சு, முனி? எம் புருஷன் எனக்குத் தட்டினது அது. என் கதவைத் தட்டினது. அதை நீ எடுத்து ஒளிச்சு வச்சிக்கினே."

"நீ தாங்க மாட்டேன்னு..."

"நான் தாங்க மாட்டேன்னு உனக்கு எவன் சொன்னான்?"

நடக்க ஆரம்பித்தாள். அவன் பின்னாலேயே போனான். ரிச்சர்ட்ஸ் டவுன் மரங்களுக்கு அடியில், கேட் கேட்டாகத் தாண்டி நடந்தார்கள். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"கொரல் கேட்டுச்சா?"

"இல்ல. தட்டு மட்டும்."

"வேகமாவா?"

"நிதானமா."

"கூட யாராச்சும் உசிரோட இருந்தாங்களா?"

"தெரியல. ஒரே ஆள் தட்டுதான் கேட்டுச்சு."

"கோர்ட்ல ஏன் சொல்லல?"

"நீ உக்காந்திருந்தே."

ஒரு ஜட்கா வண்டி அவர்களை உரசிக்கொண்டு போனது. வண்டிக்காரன் கன்னடத்தில் திட்டினான். அவள் ஒதுங்கவில்லை.

"அந்த பாஸை அங்கியே, கீழயே அடிச்சிருக்கலாமே. மேல வந்து ஏன் அடிச்சே?"

முனி கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். "கீழ இருந்தப்ப அந்தக் கோவம் வரல."

"பின்ன இன்னா வந்துச்சு?"

"பயம்."

அல்சூர் ஏரிக்கரையில் அவள் நின்றாள். முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்துவிட்டது. கேட்பதற்கு முன் அவள் தயங்கியது அவனுக்குத் தெரிந்தது. கேள்வி எது என்பதும் தெரிந்தது.

"கடைசியாத் தட்டினது யாரு முனி? நீயா, அவரா?"

பொய் ஒன்று தயாராக இருந்தது. இத்தனை வருஷமாக அதுவும் அவனோடு கூடவே இருந்தது. 'நான்தான் அண்ணி. நான் தட்டினேன், பதில் வரல.' அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இவள் இன்று ராத்திரி படுத்துத் தூங்கிவிடுவாள்.

"கூண்டு மணி அடிச்சிட்டாங்க" என்றான். "எல்லாரும் ஓடினாங்க."

"யாரு?"

"அவரு. நான் திருப்பித் தட்டல."

அவள் கையில் கரண்டி இன்னும் இருந்தது. முனி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். "அடி அண்ணி."

அவள் அடிக்கவில்லை. அவனை ஒருமுறை, காலிலிருந்து தலை வரைக்கும், புதிதாகக் குடிவந்த யாரையோ பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், அந்த ஓரமாகவே மர்பி டவுனை நோக்கி நடந்தாள். முனி இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டான்.